காய்ச்சல் விட்ட பிறகும் மாத்திரை எதற்கு? மலேரியா கூட்டு மருந்துகள் பற்றி ஒரு விளக்கம்



சில வாரங்களுக்கு முன் நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவி மேசைக்கு ஒரு தாய் வந்தார். கட்டட வேலைக்காக ஒடிசா சென்று திரும்பிய அவருடைய மகனுக்கு இரண்டாவது முறையாக மலேரியா. முதல் முறை வந்தபோதே இரத்தப் பரிசோதனை செய்து, 14 நாட்களுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். "நாலாம் நாளே காய்ச்சல் விட்டுப் போச்சு தம்பி. நல்லாத்தானே இருக்கான்னு மீதியை எடுத்து வச்சுட்டோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல்னு வந்தாங்க, அதுல ரெண்டைக் கொடுத்தேன்" என்றார்.

அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. காய்ச்சல் போனால் நோயும் போய்விட்டது என்றுதான் நம் வீடுகளில் எல்லோரும் நினைக்கிறோம். மலேரியாவில் அந்தக் கணக்கு சரிவராது. நோயாளியைக் குணப்படுத்துவது ஒரு வேலை. அவரிடமிருந்து நோய் அடுத்தவருக்குப் போகாமல் தடுப்பது வேறொரு வேலை. முதல் வேலையைச் செய்யும் மருந்து இரண்டாவதையும் செய்யும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். புதிய கூட்டு மருந்துகளைத் தேடி உலகெங்கும் ஆய்வுகள் நடப்பதும் அதற்காகத்தான். அந்தச் செய்தியை இந்த இதழில் சற்று விரிவாகப் பார்ப்போம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

மலேரியாவை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்னும் ஒட்டுண்ணி. அதைச் சுமந்து வருவது அனாஃபிலிஸ் வகைப் பெண் கொசு. கொசுவின் உடலில் இந்த ஒட்டுண்ணி வளர்வதை ரொனால்ட் ராஸ் 1897-ல் நம் நாட்டின் செகந்திராபாத்தில்தான் கண்டறிந்தார்.

கொசு கடிக்கும்போது உள்ளே போகும் ஒட்டுண்ணிகள் மிகக் குறைவு. அவை முதலில் கல்லீரலுக்குச் சென்று, சத்தமில்லாமல் ஆயிரக்கணக்கில் பெருகுகின்றன. பிறகு இரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து, பெருகி, அவற்றை உடைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் அப்போதுதான் வருகின்றன.

இரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணிகளில் ஒரு சிறு பகுதி வேறு பாதையில் போகிறது. அவை பெருகுவதில்லை, ஆண், பெண் என்ற பாலின நிலையை அடைந்து காத்திருக்கின்றன. கேமிட்டோசைட் என்பது இவற்றின் பெயர். இவற்றால் நோயாளிக்குக் காய்ச்சல் வராது, வலி வராது. ஆனால் அடுத்த கொசு அவரைக் கடிக்கும்போது அதன் வயிற்றுக்குள் போய் இனப்பெருக்கம் செய்வது இவைதான். ஏறக்குறைய இரண்டு வாரங்களில் அந்தக் கொசு அடுத்த வீட்டுக்கு நோயைக் கொண்டுபோகத் தயாராகிவிடும்.

நம் நாட்டில் முக்கியமாக இரண்டு வகை மலேரியா உண்டு. ஃபால்சிபேரம் என்பது ஆபத்தானது. மூளையைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடியது. வைவாக்ஸ் என்பது பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் அதன் ஒட்டுண்ணிகளில் சில, கல்லீரலிலேயே உறங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து விழித்துக்கொள்ளும். மேலே சொன்ன தாயின் மகனுக்கு வந்தது வைவாக்ஸ். இரத்தத்தில் இருந்ததை முதல் 3 நாள் குளோரோகுயின் மாத்திரை அழித்துவிட்டது, காய்ச்சல் நின்றது. கல்லீரலில் உறங்கியதை அழிக்க வேண்டியது 14 நாள் பிரைமாக்குயின் மாத்திரை. அதைத்தான் எடுத்து வைத்துவிட்டார்கள்.

ஒரே மருந்து ஏன் போதவில்லை?

ஒரு காலத்தில் குளோரோகுயின் ஒன்றே மலேரியா முழுவதற்கும் போதுமானதாக இருந்தது. விலை குறைவு, பாதுகாப்பானது. ஆனால் 1950-களின் இறுதியில் தாய்லாந்து–கம்போடியா எல்லைப் பகுதியில் அந்த மருந்துக்கு அடங்காத ஃபால்சிபேரம் தோன்றியது. 1970-களின் இறுதியில் அது கிழக்கு ஆப்பிரிக்காவை எட்டியது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் மலேரியா மரணங்கள் கூடின. மாத்திரை கொடுத்தும் பிள்ளைகள் பிழைக்கவில்லை.

அந்தக் கட்டத்தில் கை கொடுத்தது சீனாவின் ஒரு மூலிகை. 1967-ல் தொடங்கிய அரசு ஆய்வுத் திட்டம் ஒன்றில் பணியாற்றிய தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி, பழைய மருத்துவ ஏடுகளைத் துருவினார். சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஏட்டில், ஆர்ட்டிமிசியா செடியைக் கொதிக்க வைக்காமல், நீரில் ஊற வைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கும்படி எழுதியிருந்தது. சூடு பட்டால் மருந்து கெட்டுவிடுகிறது என்று அவர் ஊகித்துக் குறைந்த வெப்பத்தில் சாறு எடுத்தார். 1972-ல் நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் தாமும் தம் குழுவினரும் குடித்துப் பார்த்தார். அப்படிக் கிடைத்த ஆர்ட்டிமிசினினுக்காக 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆர்ட்டிமிசினின் மிக வேகமான மருந்து. இரண்டே நாட்களில் ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். ஆனால் சில மணி நேரத்தில் இரத்தத்தை விட்டு நீங்கிவிடும். மிச்சம் இருப்பவை மீண்டும் பெருகும். எனவே மெதுவாக வேலை செய்தாலும் நாள் கணக்கில் உடலில் தங்கும் இன்னொரு மருந்தைத் துணையாகச் சேர்த்தார்கள். ஆர்ட்டிமீத்தருடன் லூமிஃபான்ட்ரின், ஆர்ட்டிசுனேட்டுடன் அமோடியாகுயின், டைஹைட்ரோஆர்ட்டிமிசினினுடன் பிப்பெராகுயின் என்று பல ஜோடிகள் வந்தன. 2001 முதல் இத்தகைய கூட்டு மருந்துகளையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆர்ட்டிமிசினினைத் தனி மாத்திரையாக விற்பதை நிறுத்தும்படி 2006-ல் மருந்து நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது.

இதன் பின்னால் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. புரிவதற்காக ஓர் எண்ணை வைத்துக்கொள்வோம். ஒரு மருந்தைத் தாங்கும் ஒட்டுண்ணி லட்சத்தில் ஒன்று என்றும், மற்றொரு மருந்தைத் தாங்குவதும் லட்சத்தில் ஒன்று என்றும் கொள்வோம். இரண்டையும் ஒருசேரத் தாங்கும் ஒட்டுண்ணி ஆயிரம் கோடியில் ஒன்றாகத்தான் இருக்கும். காசநோய்க்கு நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதும் இதே கணக்கில்தான். ஆனால் இரண்டும் சேர்ந்து, சரியான அளவில், குறித்த நாள் வரை உடலில் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். பாதியில் நிறுத்தினால், வலுவான ஒட்டுண்ணிகளை மட்டும் உயிரோடு விட்டு வைக்கிறோம்.

இரண்டு போதாமல் மூன்று

2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மறுபடியும் அதே மேற்குக் கம்போடியாவில் மருத்துவர்கள் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். ஆர்ட்டிமிசினின் கொடுத்தும் ஒட்டுண்ணி இரத்தத்தை விட்டு மறைய வழக்கத்தைவிட அதிக நாள் ஆனது. கெல்ச்-13 என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றமே காரணம் என்பது 2014-ல் தெரிந்தது. இப்போது ருவாண்டா, உகாண்டா, தான்சானியா, எரித்திரியா, எத்தியோப்பியா ஆகிய நாடுகளிலும் இத்தகைய மாற்றங்கள் காணப்படுகின்றன. உலகில் 2023-ல் மட்டும் 26 கோடிக்கு மேற்பட்டோருக்கு மலேரியா வந்தது; ஏறக்குறைய 6 லட்சம் பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் 100-க்கு 95 பேர் ஆப்பிரிக்கர்கள். அவர்களிலும் பெரும்பாலானோர் 5 வயது நிரம்பாத குழந்தைகள். குளோரோகுயின் கைவிட்டபோது நடந்தது அங்கே மீண்டும் நடக்கக் கூடாது என்ற கவலையில்தான் இன்றைய ஆய்வுகள் நடக்கின்றன.

ஒரு வழி, இரண்டுக்குப் பதில் மூன்று மருந்துகளைச் சேர்ப்பது. இதற்காக இந்தியா உள்ளிட்ட 8 நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வின் முடிவு 2020-ல் வெளியானது. கம்போடியா, தாய்லாந்து, வியட்நாம் பகுதிகளில் டைஹைட்ரோஆர்ட்டிமிசினின்–பிப்பெராகுயின் ஜோடியை மட்டும் எடுத்தவர்களில் 100-க்கு 48 பேரே முழுமையாகக் குணமானார்கள். அதனுடன் மெஃப்ளோகுயினையும் சேர்த்து எடுத்தவர்களில் 100-க்கு 98 பேர் குணமானார்கள்.

துணை மருந்துகளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சாமர்த்தியமும் இருக்கிறது. அமோடியாகுயினைத் தாங்குவதற்காக ஒட்டுண்ணி தன் மரபணுவை மாற்றிக்கொண்டால், அதே மாற்றம் லூமிஃபான்ட்ரினுக்கு அதை எளிதில் பலியாக்குகிறது. எதிர்ப்பக்கமும் அப்படியே. ஒரு கதவை அடைக்கப் போனால் மறு கதவு திறந்துகொள்கிறது. எனவே ஆர்ட்டிமீத்தர், லூமிஃபான்ட்ரின், அமோடியாகுயின் மூன்றையும் சேர்த்துத் தரும் முயற்சி நடக்கிறது.

நோயைப் பரவாமல் நிறுத்துவது

இனி நாம் தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது வேலைக்கு வருவோம். ஃபால்சிபேரத்தின் கேமிட்டோசைட்டுகள் முதிர்ச்சி அடைய 10 முதல் 12 நாட்கள் ஆகும். முதிர்ந்தவற்றை வழக்கமான கூட்டு மருந்துகள் முழுமையாக அழிப்பதில்லை. நோயாளி எழுந்து நடமாடுகிறார், வேலைக்குப் போகிறார், வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசுகிறார். ஆனால் அவரைக் கடிக்கும் கொசு இன்னும் சில வாரங்களுக்கு நோயை எடுத்துப் போகலாம்.

இதைத் தடுக்க இன்று கையில் இருக்கும் மருந்து, பழைய பிரைமாக்குயின்தான். வைவாக்ஸுக்கு 14 நாள் கொடுக்கும் அதே மருந்தை, ஃபால்சிபேரத்துக்கு ஒரே ஒரு வேளை கொடுத்தால் முதிர்ந்த கேமிட்டோசைட்டுகள் அழிகின்றன. மிகக் குறைந்த அளவே போதும் என்று தெரிந்ததால், 2012-ல் உலக சுகாதார நிறுவனம் அளவைக் குறைத்துப் பரிந்துரைத்தது.

அளவைக் குறைத்ததற்குக் காரணம் உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்னும் நொதி குறைவாக இருக்கும். அவர்களுக்குப் பிரைமாக்குயின் அதிகமானால் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்து, இரத்தசோகை வரலாம். மலேரியா அதிகம் இருந்த நாடுகளில்தான் இந்தக் குறைபாடும் அதிகம், ஏனென்றால் அது மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பாற்றுகிறது. நோய்க்கு எதிராக உடல் தேடிக்கொண்ட கவசமே மருந்துக்கு இடைஞ்சலாகிவிட்டது. வைவாக்ஸுக்காக 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டஃபெனோகுயின் ஒரே வேளையில் 14 நாள் வேலையை முடிக்கிறது. ஆனால் நொதியின் அளவைத் துல்லியமாகப் பார்க்காமல் அதைக் கொடுக்க முடியாது.

இன்னொரு பழைய பொருளும் திரும்பி வந்திருக்கிறது. மெத்திலீன் நீலம் என்னும் சாயம், 1891-ல் பெர்லினில் பால் குட்மன், பால் எர்லிக் ஆகிய இருவரும் மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. சிறுநீரை நீலமாக்கும் என்பதால் யாரும் விரும்பவில்லை. இப்போது அது கேமிட்டோசைட்டுகளை வேகமாக அழிப்பது தெரிந்து, மாலி நாட்டில் கூட்டு மருந்துடன் சேர்த்துச் சோதித்தார்கள். இத்தகைய சோதனை நடக்கும் விதம் சுவையானது. நோயாளியின் இரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, மெல்லிய சவ்வின் வழியாக ஆய்வுக்கூடக் கொசுக்களுக்குக் குடிக்கக் கொடுப்பார்கள். ஒரு வாரம் கழித்து அந்தக் கொசுக்களின் வயிற்றை அறுத்து, உள்ளே ஒட்டுண்ணி வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மாலியில் மருந்து எடுத்த இரண்டே நாட்களில் நோய் கொசுவுக்குப் போவது ஏறக்குறைய முற்றிலும் நின்றது.

இரண்டு வேலையும் ஒன்றாக

நோயாளியையும் குணப்படுத்தி, பரவுவதையும் தடுக்கும் புதிய மருந்துகளில் மிகவும் முன்னேறியிருப்பது கானாபிளாசைடு. ஆர்ட்டிமிசினினுக்குச் சற்றும் தொடர்பில்லாத புது வகை. ஒட்டுண்ணி தன் உடலுக்குள் புரதங்களை இடம் மாற்றும் பாதையையே இது குலைத்துவிடுகிறது. எனவே ஆர்ட்டிமிசினினைத் தாங்கும் ஒட்டுண்ணியும் இதில் தப்ப முடிவதில்லை. கேமிட்டோசைட்டுகளும் அழிகின்றன.

நோவார்ட்டிஸ் நிறுவனமும், மலேரியா மருந்துகளுக்கான இலாப நோக்கற்ற அமைப்பான எம்எம்வியும் சேர்ந்து, இதை லூமிஃபான்ட்ரினுடன் இணைத்திருக்கின்றன. 12 ஆப்பிரிக்க நாடுகளில் 1,600-க்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்ததன் முடிவு 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 100-க்கு 97 பேருக்கு மேல் குணமானார்கள். இன்றுள்ள கூட்டு மருந்தில் இது 94. இன்றுள்ள ஆர்ட்டிமீத்தர்–லூமிஃபான்ட்ரினை 3 நாளில் 6 வேளை எடுக்க வேண்டும். புதியதோ சிறு குருணையாகப் பொட்டலத்தில் வரும்; நாளுக்கு ஒரு வேளை, 3 நாள். வேளைகள் குறைந்தால் மறப்பதும் பாதியில் விடுவதும் குறையும். வாந்தியும் அழுகையுமாக இருக்கும் பிள்ளைக்கு மருந்து கொடுத்த எந்தத் தாய்க்கும் இதன் அருமை தெரியும்.

ஒரு மருந்தைக் கண்டுபிடிப்பதைவிட இரண்டைச் சேர்ப்பது சில சமயம் கடினம். ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுக்கக் கூடாது. இதயத் துடிப்பைப் பாதிக்கக் கூடாது. வெயிலிலும் ஈரத்திலும் கெடாமல் இருக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் தனித்தனியாகப் பாதுகாப்பைப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு, ஏழை நாடுகள் வாங்கும் விலையில் கிடைக்க வேண்டும். இத்தனை சிரமப்பட்டு வரும் மருந்து எத்தனை ஆண்டுகள் பயன் தரும் என்பது, அதை வாங்கிச் சாப்பிடும் குடும்பங்களின் கையிலும் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

• குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். வைவாக்ஸில் காய்ச்சல் தொடங்கும்போதே நோய் பரவத் தொடங்கிவிடும். விரைவாகப் பார்ப்பதே பரவுவதைத் தடுக்கும்.

• ரத்தினக்கல் வியாபாரத்துக்கும் வேலைக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்று வருபவர்கள், ஒடிசா, சத்தீஸ்கர், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து திரும்புபவர்கள், காய்ச்சல் வந்தால் எங்கே போய் வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஊர் திரும்பிச் சில மாதங்கள் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். புறப்படும் முன் தடுப்பு மாத்திரை பற்றியும் கேளுங்கள்.

• மருத்துவர் எழுதிய நாள் வரை மாத்திரையை முடியுங்கள். ஆர்ட்டிமீத்தர்–லூமிஃபான்ட்ரின் மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள். பால் போன்ற கொழுப்புள்ள உணவுடன் எடுத்தால்தான் உடலில் நன்கு சேரும். போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மருத்துவரிடம் கேட்டு மீண்டும் போடுங்கள்.

• பிரைமாக்குயின் கர்ப்பிணிகளுக்கும் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கூடாது. ஜி6பிடி குறைபாடு குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள். மாத்திரை எடுக்கும்போது சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, மூச்சு வாங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

• மீதி மாத்திரையை யாருக்கும் கொடுக்காதீர்கள். அது உதவி போலத் தெரியும். ஆனால் பாதி மருந்து அவருக்குக் குணம் தராது. நோயை மட்டும் மறைத்து வைக்கும்.

• நம் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசு, மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் உள்ள சுத்தமான நீரில் முட்டையிடுவது. தொட்டியை இறுக மூடுங்கள், கிணற்றுக்கு வலை போடுங்கள். நோயாளி குணமாகும் வரை கொசுவலைக்குள் தூங்கட்டும். அது பக்கத்து வீட்டாருக்கான பாதுகாப்பும்கூட.

அண்டை நாடான இலங்கை 2016-ல் மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. புதிய மருந்துகள் எதுவும் வருவதற்கு முன்பே, கையில் இருந்த மருந்தைக்கொண்டு அதைச் சாதித்தார்கள். ஒவ்வொரு நோயாளியையும் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். மாத்திரை முடிகிறதா என்று பின்தொடர்ந்து பார்த்தார்கள். அண்டை வீட்டாரின் உரிமையைப் பேசும் நாம், நம் மஹல்லாவில் அந்த அளவு கவனத்தையாவது காட்ட முடியும்.

அந்தத் தாயின் மகனுக்கு மறுபடியும் சிகிச்சை தொடங்கியது. இம்முறை நமது தொண்டர் ஒருவர் தினமும் இரவில் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் பரிசோதனை செய்யப்பட்டது; அதற்கு மலேரியா இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான், அல்ஹம்துலில்லாஹ். 15-ஆம் நாள் அந்தத் தாயே அழைத்தார். "எல்லாத்தையும் போட்டுட்டான் தம்பி. நம்ப மாட்டீங்கன்னு வெறும் அட்டையை எடுத்து வச்சிருக்கேன்" என்றார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மலேரியா என்று தெரிந்தால் எங்கள் மருத்துவ உதவி மேசைக்குச் சொல்லுங்கள். மாத்திரை முடியும் வரை நாங்களும் உடன் இருப்போம், இன்ஷா அல்லாஹ்.